பூசாத முழம்

ஈரத் துணியை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்த ஃப்ரூமாவின் முழங்கையில் ஒரு தேனீ வந்து உட்கார்ந்தது. அவள் அதை ஊதித் தள்ளினாள். அது அறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் சுவருக்குள் போனது. வெளியே ஆறு உறைந்து அதன் மேல் விறகு வண்டிகள் ஓடிக்கொண்டிருந்த தை மாதத்து நாள் அது. மேசையில் புத்தகத்தின் மேல் கவிழ்ந்திருந்த அவள் கணவர், ஊரின் மதகுரு ரபி எல்கானா, பின்கழுத்தில் வெயில் படுவதை உணர்ந்து தலை நிமிர்ந்தார்.

"கதவை யார் திறந்து வெச்சது?"

"கதவு மூடித்தான் இருக்கு. சுவர்தான் திறந்திருக்கு" என்றாள் ஃப்ரூமா. அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

ரஷ்யப் பேரரசின் வெர்பின் ஊர் யூதர்கள் வீடு கட்டினால் வாசலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு முழத்துக்கு ஒரு முழம் சுண்ணாம்பு பூசாமல் விட்டுவிடுவார்கள். எருசலேமில் ஆலயம் இடிந்து கிடக்கும்போது நம் வீடு மட்டும் முழுசாக இருக்கக் கூடாது என்பதற்காக அவர்கள் பாட்டன்களும் அந்தப் பாட்டன்களின் பாட்டன்களும் விட்டுவந்த இடம் அது. ரபி வீட்டில் அந்தச் சதுரத்தின் செங்கல்லைக் காணவில்லை. அங்கே ஒரு கல்மலைச் சரிவும், சரிவு நெடுக வெள்ளையாகப் பூத்த வாதுமை மரங்களும், மரங்களுக்கு அடியில் கறுப்பு ஆடுகளும், அவற்றுக்கு அப்பால் தன் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த நீல முக்காட்டுப் பெண் ஒருத்தியுமாக ஒரு காட்சி தெரிந்தது. ரபி கையை உள்ளே நீட்டினார். முழங்கைவரை வெயில் சுட்டது. சட்டைக்குள் இருந்த மீதிக் கை குளிரில் விறைத்தே இருந்தது.

மத்தியானத்துக்குள் ஊரில் பூசாத சதுரம் விட்ட எல்லா வீட்டிலும் அதே மலை திறந்துவிட்டது. செருப்புத் தைப்பவன் வீட்டில் மலையின் அடிவாரம் தெரிந்தது, ரொட்டிக்காரன் வீட்டில் உச்சி தெரிந்தது, பொது வெந்நீர்க் குளியலறையின் சுவரில் ஆடுகளின் பின்புறம் மட்டும் தெரிந்தது. வெர்பின் இதற்காக ஆச்சரியப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை. சலவைக்காரி கிட்டல் அன்று மாலையே ஊர்த் துணி அத்தனையையும் ரபி வீட்டுக் கூடத்தில் கொடி கட்டிக் காயப்போட்டாள். மூட்டு வலிக்காரக் கிழவர்கள் நாற்காலியோடு வந்து முழங்காலை வெயிலுக்குக் காட்டி உட்கார்ந்து, இடது காலுக்கு எவ்வளவு நேரம், வலது காலுக்கு எவ்வளவு நேரம் என்று சண்டை போட்டார்கள். ஒரு ஆடு தலையை உள்ளே விட்டு, சனிக்கிழமை ஓய்வுநாளுக்காகச் சடைபோலப் பின்னி வைத்திருந்த ரொட்டியைத் தின்றுவிட்டு, மூதாட்டி ஒருத்தியின் பொய்முடியையும் கவ்விக்கொண்டு போனது. கிட்டலின் கொடியிலிருந்த கோடு போட்ட சட்டை ஒன்று அந்தப் பக்கத்துக் காற்றில் பிய்த்துக்கொண்டு பறந்து வாதுமை மரத்தில் மாட்டிக்கொண்டது. கம்பு விட்டும் எட்டவில்லை.

"அது யாருடைய சட்டை?" என்று கிழவர்கள் கேட்டார்கள்.

"ரெப் பின்ஹாஸோடது" என்றாள் கிட்டல். "எப்படியோ, அவருக்கு முன்னாடி அவர் சட்டை போயிருச்சு."

கூடம் முழுவதும் சிரித்தது. ஏனென்றால் ரெப் என்று ஊரே மரியாதையோடு அழைக்கும் பின்ஹாஸ் அந்த ஊரின் வழக்குத் தீர்ப்பாளர், ரபி எல்கானாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தோரா வேதம் படித்தவர், ஒரே பக்கத்தின் இரண்டு ஓரங்களைப் பிடித்து இழுத்தபடி இருவரும் வாதாடி வளர்ந்தவர்கள். சுவரில் தெரிந்த அந்த தேசத்துக்கு, எருசலேம் இருக்கும் தேசத்துக்குப் போகக் கூடாது என்பதில் அவரைவிட உறுதியானவர் மாகாணத்திலேயே இல்லை.

ரபி எல்கானாவோ பல வருஷங்களாகப் போக வேண்டும் என்று பேசிவந்தவர். மேசியா வருவார், வரும்போது நம் கையில் மண் ஒட்டியிருக்கட்டும் என்பது அவர் பேச்சு. மற்ற ஊர்களின் ரபிகள் பலர் அவருக்குப் பதில் வணக்கம் சொல்வதை நிறுத்தியிருந்தார்கள். சமயம் வேண்டாம் என்று தாடியை மழித்துக்கொண்ட இளைஞர்களோடு ஒரே கூட்டத்தில் உட்கார்ந்தார் என்பது அவர் மேல் இருந்த இன்னொரு குற்றம். ஒதெஸ்ஸா நகரத்துக் குடியேற்றச் சங்கம் வெர்பினுக்கென்று அந்த தேசத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கி ஒதுக்கியிருந்தது. வசந்த காலப் பண்டிகைக்குள் குடும்பங்கள் கிளம்பாவிட்டால் அது வேறு ஊருக்குப் போய்விடும். போன இலையுதிர் காலத்தில் ஜெப ஆலயத்து மேடையில் நின்று ரபி கை நீட்ட, ஊரில் பாதிப் பேர் வரிசையாக வந்து அவர் கையைப் பற்றி, வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். வெர்பினில் கை கொடுத்தால் கொடுத்ததுதான்.

சுவர் திறந்ததும் ரபி துள்ளினார். உபவாச நாளில்கூட வேகமாக நடக்காத மனிதர், தெருவில் பனிச் சேற்றில் ஓடினார். "பார்த்தீங்களா, பார்த்தீங்களா" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டார். எல்லோரும் பார்த்துவிட்டதாகச் சொன்னார்கள். பிறகு கேள்விகளோடு அவர் வீட்டுக்கு வந்தார்கள். ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக் கூடாது, வெயிலில் சமைத்தால் குற்றமில்லை, சரி, ஆனால் சுவரில் வரும் வெயிலில் முட்டை அவிக்கலாமா? ஓய்வுநாள் எந்தச் சூரியனோடு முடிகிறது, ஜன்னலில் மறைவதோடா, சுவரில் மறைவதோடா? அங்கே மழை பெய்யட்டும் என்று நாம் இங்கே நின்று ஜெபிக்கிற ஜெபத்தை இனிமேல் சுவரைப் பார்த்துச் சொல்ல வேண்டுமா, கொடியில் துணி இருந்தால் என்ன செய்வது? ரபி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். முட்டை அவிக்கலாம். நீ எந்தச் சூரியனுக்குக் கீழே நிற்கிறாயோ அதுதான் உன் சூரியன். துணியை எடுத்துவிட்டு ஜெபி.

அப்புறம்தான் செருப்புத் தைப்பவன் வந்தான். தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"ரபி, போன தடவை கை கொடுத்தேன் இல்லையா?"

"கொடுத்தே."

"அதைத் திருப்பி வாங்கிக்கலாமா?"

"ஏன்டா?"

"எதுக்கு ரபி கப்பல் ஏறி வாந்தி எடுத்துக்கிட்டு போகணும்? அது இங்கயே வந்திருச்சே. என் பெண்டாட்டி அதுக்கு எதிர்ல நாற்காலி போட்டுட்டா. திரைகூடத் தெச்சுட்டா."

ரபி கையை நீட்டினார். செருப்புத் தைப்பவன் அதைப் பற்றி, பற்றிய கையைத் தலைகீழாகக் குலுக்கி, வாக்கை எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் ரொட்டிக்காரன் வந்தான். அதற்கு அடுத்து மூன்று சகோதரர்கள் சேர்ந்து வந்து ஒரே குலுக்கலில் வாங்கிப்போனார்கள். கூடத்தில் துணி காய்ந்துகொண்டே இருந்தது, கிழவர்களின் முழங்கால்கள் பழுப்பேறிக்கொண்டே இருந்தன, ரபியிடம் மிஞ்சியது ஃப்ரூமாவின் கை மட்டும். "என் கையைக் கல்யாணத்தன்னைக்கே வாங்கிட்டீங்க, அது கணக்கில வராது" என்றாள் அவள்.

ரெப் பின்ஹாஸ் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். வந்து நின்றவர் முதலில் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டார். பிறகு பேசுகிற சாக்கில் வெயிலுக்குள் ஒரு தோளை நகர்த்திக்கொண்டார்.

"எல்கானா, மேசியா வர்றதுக்கு முன்னாடி திரண்டு சுவராட்டம் அங்க ஏறிப் போகக் கூடாதுன்னு நம்ம ஆட்கள் மேல ஆணை இருக்கு. நீ படிச்ச இடம் அது. என்கூட உட்கார்ந்து படிச்ச இடம்."

"சுவராட்டம் எங்க போறோம், பின்ஹாஸ்? சுவர் வழியாத்தானே பார்த்துக்கிட்டு இருக்கோம்."

"சிரிக்காதே. மேலே இருக்கிறவர் எவ்வளவு கொடுக்கணும்னு நினைச்சாரோ அவ்வளவு கொடுத்திருக்கார். ஒரு முழம். அதுக்கு மேல இழுக்காதே."

"என்னோட கவலையும் அதுதான்" என்றார் ரபி. "ஒரு முழம் போதும்னு எல்லோரும் உட்கார்ந்துட்டாங்க."

ஊரில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் சுவர் திறக்கவில்லை. மரவியாபாரி ஸுஸ்மன் தன் பெரிய வீட்டின் முன்கூடத்தை முழுக்கப் பளபளவென்று பூசி, சதுரம் இருக்க வேண்டிய இடத்தில் பூச்சின் மேலேயே கறுப்புச் சாயம் அடித்துத் தங்கச் சட்டம் போட்டிருந்தார். அந்தக் கறுப்பு கறுப்பாகவே இருந்தது. சலவைக்காரி வீட்டுச் சுவரில்கூட வாதுமை பூத்திருக்க, தன் வீட்டில் ஒரு ஈகூட வரவில்லை என்பதை அவரால் தாங்க முடியவில்லை. கொத்தனார் கல்மனைக் கூப்பிட்டு, சட்டத்தைக் கழற்றிப் பூச்சைச் சுரண்டச் சொன்னார்.

கல்மன் சுரண்டினான். கடைசிக் காரை விழுந்ததும் கொசு வந்தது. கொசுவுக்குப் பின்னால் நாற்றமும், நாற்றத்துக்குப் பின்னால் ஒரு தவளையும் வந்தன. தவளை ஸுஸ்மனின் வெல்வெட் நாற்காலியில் உட்கார்ந்து தொண்டையை ஊதியது. சதுரத்துக்கு அப்பால் மலை இல்லை. கண்ணுக்கு எட்டின வரை நாணலும் பச்சைப் பாசித் தண்ணீரும்தான். குளிர்காலத்தில் கொசுக்கடி என்று சொல்லிச் சொல்லி வெர்பின் இரண்டு நாள் சிரித்தது. ஸுஸ்மன் எல்லோரையும் உள்ளே அழைத்துக் காட்டி, "மோசடி, இது மோசடி" என்று கத்தினார். யார் மோசடி செய்தது என்பதை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை.

ரபியும் போய்ப் பார்த்தார். நாணலுக்கு நடுவே ஒரு கம்பம் நட்டிருந்தது. கம்பத்தில் ஒரு பலகை. பலகையில் எபிரேய எழுத்தில் அவர்கள் ஊரின் பெயர் இருந்தது. ஒதெஸ்ஸா சங்கம் வாங்கிய நிலம் இதுதான்.

தவளையைத் தவிர இன்னும் யாரும் பலகையைப் பார்த்திருக்கவில்லை. ரபி வீட்டுக்குப் போய் ஃப்ரூமாவிடம் மட்டும் சொன்னார். அவள் கேட்டாள், "சொல்லாம இருந்தா?"

"சொல்லாம இருந்தா யாராவது வருவாங்க."

"வந்து பார்த்தப்புறம்?"

அந்த ஓய்வுநாளில் ஜெப ஆலயத்து மேடையில் ஏறி அவர் எல்லாவற்றையும் சொன்னார். நமக்கென்று வாங்கியது சதுப்பு. அங்கே போகிறவனுக்குக் காய்ச்சல் வரும். நாம் பார்த்துக்கொண்டிருக்கிற மலை நம்முடையதில்லை.

மாடியில் பெண்கள் பகுதியிலிருந்து கிட்டல் தட்டியைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "மலையில நமக்கு ஒண்ணுமே இல்லையா ரபி?"

"மலையில அந்தம்மா இருக்காங்க. அவங்க முற்றம் அது. அவங்க வெயில்லதான் நாம துணி காயப்போட்டுக்கிட்டு இருக்கோம்."

ரெப் பின்ஹாஸ் எழுந்தார். வெற்றி பெற்ற முகம் இல்லை அது, பழைய நண்பனுக்காக வருந்துகிற முகம். "உண்மை பேசிட்டே, எல்கானா. இப்ப இறங்கி வா. எல்லோரும் சாப்பிடப் போகட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரபி தன் வீட்டுக் கணப்பின் சாம்பலைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு தெருவழியே நடந்தார். வெர்பின் ரபி தலையில் கூடை வைத்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. அதனால் பார்த்தவர்கள் எல்லோரும் பின்னால் வந்தார்கள். அவர் நேராக ஸுஸ்மனின் வீட்டுக்குள் ஏறினார், வெளிச் செருப்போடு கம்பளத்தின் மேல் நடந்தார், சதுரத்துக்குள் கூடையைச் சாய்த்தார். சாம்பல் தண்ணீரில் விழுந்தது. ப்ளக் என்று ஒரு சத்தம். ஒரு வட்டம் விரிந்தது, ஒரு உள்ளங்கை அளவு பாசி மறைந்தது.

"ரபி, என் கம்பளம்!" என்றார் ஸுஸ்மன்.

"ரெப் ஸுஸ்மன், உங்க வீட்டில செங்கல் உடைஞ்சது ஏதாவது இருக்கா?"

அந்த உள்ளங்கை அளவு இடத்தை எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். மலை அவர்களிடம் எதையும் கேட்டதில்லை. அது பூத்தது, காய்ந்தது, வெயில் கொடுத்தது. இந்தச் சேறோ ஒரு கூடைச் சாம்பலை விழுங்கிவிட்டு இன்னொன்றுக்காக வாயைத் திறந்துவைத்திருந்தது. கிட்டல்தான் முதலில் திரும்பி ஓடினாள். சலவை அடுப்பின் சாம்பலைத் துணிமூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து, "நகருங்க, நகருங்க" என்று கூட்டத்தை இடித்துத் தள்ளிக் கொட்டினாள். அவளுக்குப் பின்னால் ரொட்டிக்காரன் அடுப்பையே கழற்றிக்கொண்டு வந்தவன் போல வந்தான். குளித்துக்கொண்டிருந்தவர்கள் கால் தேய்க்கிற கல்லைக் கொண்டுவந்தார்கள். உருளைக்கிழங்கு நிலவறைகளைத் தோண்டி மண் எடுத்தார்கள், இடிந்த புகைபோக்கிகளை வண்டியில் ஏற்றினார்கள், விவாகரத்து கேட்டு வந்த ஒரு தம்பதி வரிசையில் நின்று ஆளுக்கொரு கூடை கொட்டிவிட்டு எதற்கு வந்தோம் என்பதை மறந்து வீட்டுக்குப் போனார்கள். கொத்தனார் கல்மன் நீளக் கம்பில் மண்வெட்டியைக் கட்டி, சதுரத்தில் தோள்வரை நுழைந்து, ஒரு வாய்க்கால் கீறினான். தண்ணீர் அசைந்தது. அசைந்தது, நின்றது, யோசித்தது, பிறகு ஓடியது.

"ஓடுது!" என்று அவன் கத்தியது ஆற்றுக்கு அக்கரை வரை கேட்டது.

தண்ணீர் ஓடுவதைப் பார்க்க வந்த கூட்டத்துக்கு இடம் விட ஸுஸ்மன் வெல்வெட் நாற்காலிகளைத் தாமே வெளியே தூக்கிப் போட்டார். கம்பளத்தைச் சுருட்டிக் கூரைமேல் ஏற்றினார். முன்கூடத்தில் முழங்கால் உயரத்துக்குச் சேறு, தவளைகள், பாட்டு, யாரோ வறுத்த வெங்காயம். ரஷ்யப் போலீஸ் அதிகாரி சத்தம் கேட்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இது தம் மாவட்டத்துக்கு வெளியே நடப்பதால் தமக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லி, கையிலிருந்த சுருட்டின் சாம்பலை உள்ளே தட்டிவிட்டுப் போனார். பலகைக்கு இந்தப் பக்கம் ஒரு அறை அளவுக்கு நிலம் காய்ந்தது. யாரோ முள்ளங்கி விதை வீசினார்கள். அது முளைத்தது. முதல் முள்ளங்கியை ஸுஸ்மன் கை நீட்டிப் பிடுங்கி, புளித்த பாலேட்டில் தோய்த்துக் கடித்து, "என் வீட்டுச் சுவர்ல விளைஞ்சது" என்று தெருவில் போகிற ஒவ்வொருவரிடமும் மீதியைக் காட்டினார்.

ரெப் பின்ஹாஸ் எதிர்ச் சாரியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் ஒரு கிழவியின் கூடையிலிருந்து தவறி விழுந்த செங்கல்லை மட்டும் தடியால் தள்ளித் தள்ளி வாசற்படி வரை கொண்டுவந்து விட்டார்.

ஆற்றில் பனி உடையத் தொடங்கிய வாரத்தில் கல்மனின் கம்பு நின்றுவிட்டது. காய்ந்த இடத்தின் அந்த ஓரத்திலிருந்து தண்ணீர் திரும்பக் கசிந்துகொண்டிருந்தது. அடைக்க வேண்டிய மடை பலகைக்கு அப்பால் இருந்தது. இரண்டு கம்பை இணைத்துக் கட்டினான், வளைந்தது. மூன்றைக் கட்டினான், ஒடிந்து மிதந்தது. கிட்டல் தோள்வரை கையை விட்டாள். ரொட்டிக்காரன் அவள் இடுப்புக்கயிற்றைப் பிடித்துக்கொள்ள இன்னும் கொஞ்சம் விட்டாள். விரல்கள் காற்றில் துழாவின. முள்ளங்கிச் செடிகளின் அடியில் ஈரம் ஏறுவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கையை வெளியே எடுத்தாள். தோள்வரை பச்சைச் சேறு. "இனிமே இங்கேயிருந்து ஆகாது ரபி" என்றாள். துடைக்காமல் அதே கையை அவர் முன்னால் நீட்டினாள்.

ரபி பற்றினார். அடுத்துக் கல்மன். அடுத்து ரொட்டிக்காரன், மூன்று சகோதரர்கள், திரை தைத்த பெண்டாட்டியோடு செருப்புத் தைப்பவன். இந்த முறை ரபி மேடையில் நிற்கவுமில்லை, கை நீட்டவுமில்லை, ஒருவர் கைச் சேறு அவர் கைவழியாக அடுத்தவருக்குப் போனது. ஸுஸ்மன் வரவில்லை. சுவரை யார் பார்த்துக்கொள்வது என்றார்.

வண்டிகள் கிளம்பிய அன்று ரெப் பின்ஹாஸ் மழையில் நின்றார்.

"நீ செய்யறது தப்பு எல்கானா."

"வர்றியா?"

"உன் தப்பை எடுத்துச் சொல்ல இங்க ஒரு ஆள் வேணாமா?" என்றார் அவர். பிறகு ரபியின் தாடியிலிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டுவிட்டு, வண்டிக்காரனைப் போகச் சொன்னார்.

கப்பல் அவர்களைக் குமட்டவைத்து, அந்த தேசத்தை ஆண்ட துருக்கி சுல்தானின் துறைமுகத்தில் கொண்டுபோய் விட்டது. பலகையைக் கண்டுபிடித்தார்கள். அருகே சாம்பல் நிறத்தில் ஒரு அறை அளவு நிலமும், பாதி அழுகி மீதி பூத்துவிட்ட முள்ளங்கியும் இருந்தன. சுவர் எங்குமில்லை. கம்பு போட்டுத் துழாவிய இடத்தில் வெறும் காற்றுதான். அவர்கள் அன்றே மடையில் இறங்கினார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒருவர் மேல் ஒருவர் சேற்றை வாரி அடித்துக்கொண்டு சிரித்தார்கள். காய்ச்சல் வந்தது, வந்தபோது சிலரைக் கொண்டுபோனது, கல்மனின் தம்பியையும்தான். மலையிலிருந்து நீல முக்காட்டுப் பெண் ஒருநாள் ஆடுகளோடு இறங்கி வந்தாள். இவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஏற்கனவே பார்த்த முழங்கால்களைத் தேடுகிறவள் போலக் குனிந்தும் பார்த்தாள். பிறகு மடித்து வைத்திருந்த ஒரு கோடு போட்ட சட்டையைக் கிட்டலிடம் கொடுத்தாள். கிட்டல் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவளுக்குக் கொடுத்தாள். காய்ச்சலுக்கான கொய்னா மருந்து எங்கே கிடைக்கும் என்று இவர்கள் சைகையில் கேட்க, அவள் சைகையில் வழி காட்டிவிட்டு, மேலே தன் மலையையும் கீழே இவர்கள் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்தபடி ஏறிப் போனாள்.

தண்ணீர் வடிந்து முதல் வீடு எழுந்தது, ரபிக்கும் ஃப்ரூமாவுக்கும். கல்மன் கரண்டியோடு சுவர் முன் நின்று கேட்டான், "இங்கயும் விடணுமா ரபி? வந்துட்டோமே."

"எருசலேம்ல ஆலயம் கட்டியாச்சா?"

"இல்லை."

"அப்ப விடு."

அவன் ஒரு முழத்துக்கு ஒரு முழம் பூசாமல் விட்டான். காரை காய்ந்த மறுநாள் அதன் வழியே பனி விழத் தொடங்கியது. பஞ்சு பஞ்சாக வெர்பினின் பனி, ஜெப ஆலயத்துத் தெருவின் பனி, விறகுப் புகை வாசத்தோடு புதுத் தரையில் குவிந்தது. வெளியே கொளுத்தியது. தடி ஊன்றும் சத்தம் தூரத்தில் கேட்டது, நெருங்கியது, நின்றது.

"எல்கானா, இருக்கியா?"

"இருக்கேன். உன் சட்டை இங்க இருக்கு, பின்ஹாஸ்."

"சட்டை இருக்கட்டும். மடை உடைஞ்சா ஓய்வுநாள்ல அடைக்கலாம்னு சொன்னியாமே? தன் சுவர் வழியாக் கேட்டேன்னு ஸுஸ்மன் சொல்றான். எந்தப் பக்கத்தில படிச்சே அதை?"

"நாம சேர்ந்து படிச்ச பக்கத்திலதான்."

"அந்தப் பக்கத்தோட ஓரம் என் கையில இருந்தது. உன் கையில என்ன எழுதியிருந்ததோ எனக்குத் தெரியாது."

ரபி நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டுக்கொண்டார். உயிர் போகிற விஷயத்தில் எதையும் செய்யலாம், காய்ச்சல் உயிர் போகிற விஷயம் என்றார். தண்ணீர் காய்ச்சல் ஆவதற்கு எத்தனை நாள் பிடிக்கும், ஓய்வுநாள் ஒரு நாள்தானே என்றார் ரெப் பின்ஹாஸ். இருவர் குரலும் உயர்ந்தன. பனி ரபியின் தொப்பிமேல் விழுந்துகொண்டிருந்தது. கறந்த பாலோடு உள்ளே வந்த ஃப்ரூமா, பேசுகிறவர்களுக்கு நடுவே குனிந்து, பனிக்குவியலில் கையால் ஒரு குழி பறித்து, பால்பாத்திரத்தை அதில் இறக்கித் தட்டு போட்டு மூடினாள்.